நோயாளி வந்து பாடம் நடத்தினால் என்ன?

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. என்கூடப் படிப்பவர்களில் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். பரவாயில்லை, இன்றைக்கு எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

நர்சிங் படிக்காத நண்பர்களுக்காக முதலில் ஒரு சின்ன விளக்கம். பி.எஸ்சி. நர்சிங்கில் மனநலச் செவிலியம் ஒரு கட்டாயப் பாடம். முன்பு மூன்றாம் ஆண்டில் இருந்தது. இந்திய நர்சிங் கவுன்சிலின் புதிய பாடத்திட்டம் 2021-இல் வந்த பிறகு ஐந்தாவது, ஆறாவது செமஸ்டர்களில் வருகிறது. வகுப்பில் தியரி, அப்புறம் வார்டு போஸ்டிங். வார்டில் ஆளுக்கொரு நோயாளியைப் பிரித்துக் கொடுப்பார்கள். அவரிடம் ஹிஸ்டரி எடுக்க வேண்டும். மனநிலைப் பரிசோதனை எழுத வேண்டும். ப்ராசஸ் ரெக்கார்டிங் என்று ஒன்று எழுத வேண்டும். அதாவது நாம் என்ன கேட்டோம், அவர் என்ன சொன்னார், சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது, நாம் என்ன உத்தியைப் பயன்படுத்தினோம் என்று வரிக்கு வரி பதிவு செய்வது.

எனக்குக் கிடைத்தவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மா. நான் நோட்டைப் பிரித்து வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனேன். பெயர், ஊர், எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை, காதில் குரல் கேட்கிறதா, யாராவது உங்களுக்குக் கெடுதல் செய்வதாகத் தோன்றுகிறதா... பத்து நிமிஷம் பொறுமையாகப் பதில் சொன்னார். அப்புறம் சொன்னார்:

"பாப்பா, எழுதுறதக் கொஞ்சம் நிறுத்திட்டு என் முகத்தப் பாத்துக் கேளு. போன மாசம் ஒரு புள்ள கேட்டுச்சு. அதுக்கு முந்தி ஒரு பையன் கேட்டான். எல்லாரும் இதே கேள்வியத்தான் கேக்குறீங்க. பதிலெல்லாம் வாங்கிட்டுப் போயி எங்க வைக்கிறீங்க?"

என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன். என்ன எழுதினேன் தெரியுமா? "பேச்சு பொருத்தமாக உள்ளது. சந்தேக மனப்பான்மை காணப்படுகிறது."

மதிப்பெண் நன்றாகவே கிடைத்தது. அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி என்று அந்த நோட்டில் எங்கேயும் எழுத இடம் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் சொல்ல வருவது இதுதான். மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள், இப்போது தேறி இருப்பவர்கள், நர்சிங் கல்லூரி வகுப்பறைக்குள் வர வேண்டும். நோயாளியாக அல்ல, காட்சிப் பொருளாகவும் அல்ல. பாடம் நடத்துபவராக வர வேண்டும். பாடத்திட்டத்தில் எதைச் சேர்க்கலாம், மாணவரை எப்படி மதிப்பிடலாம் என்பதிலும் அவர்களுக்கு ஒரு குரல் இருக்க வேண்டும்.

இவர்களை என்ன பெயரில் அழைப்பது என்பதே தமிழில் பிரச்சினைதான். 'மனநோயாளி' என்றால் ஆளையே நோயாக்கிவிடுகிறோம். 'பயனாளி' என்றால் இலவச ஆடு மாடு திட்டம் மாதிரி இருக்கிறது. நல்ல சொல் கிடைக்கும்வரை 'சிகிச்சை பெற்றவர்கள்' என்றே எழுதுகிறேன்.

ஆறு படி இன்சைட்

மனநிலைப் பரிசோதனையின் கடைசியில் 'இன்சைட்' என்று ஒரு தலைப்பு வரும். தனக்கு நோய் இருக்கிறது என்ற உணர்வு நோயாளிக்கு எவ்வளவு இருக்கிறது என்று ஒன்று முதல் ஆறு வரை படி போட வேண்டும். எனக்கு எதுவுமே இல்லை என்று முழுசாக மறுத்தால் ஒன்று. நோயை உணர்ந்து, அந்த உணர்வால் தன் நடத்தையையும் மாற்றிக்கொள்கிற நிலை என்றால் ஆறு. இருபது வயதில் நாங்கள், எங்களைவிட இரண்டு மடங்கு வயதானவர்களுக்கு இந்த மார்க்கைப் போடுகிறோம்.

போட வேண்டாம் என்று சொல்லவில்லை. சிகிச்சைக்கு அது தேவை. ஆனால் எங்களுடைய இன்சைட்டை யார் அளப்பது? அந்த நோயோடு வாழ்வது எப்படி இருக்கும் என்பது எனக்கு எவ்வளவு தெரியும் என்று யாராவது ஒன்று முதல் ஆறு வரை போட்டிருந்தால், போஸ்டிங் முடியும்போதுகூட நான் இரண்டைத் தாண்டியிருக்க மாட்டேன்.

எங்கள் ஊர்ப்பக்கத்து அக்கா

இதை எனக்கு உறைக்க வைத்தது கல்லூரி அல்ல, ஊர். எங்கள் ஊர் எரியோடு. திண்டுக்கல் - கரூர் ரயில் பாதையில் வரும் சின்ன ஊர். வேடசந்தூர் வட்டாரம் முழுக்க நூல் மில்கள். ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்கள் விடியற்காலையிலேயே ஓட ஆரம்பித்துவிடும்.

அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா. எந்தத் தெரு, என்ன வேலை என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் இதை எழுதுகிறேன். பல வருஷங்களுக்கு முன்னால் அவருக்கு நோய் வந்தது. வேப்பிலை அடித்தார்கள், கயிறு கட்டினார்கள், கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். இப்போது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளையைப் படிக்க வைத்துக்கொண்டு இருக்கிறார். லீவில் ஊருக்குப் போயிருந்தபோது, நான் மனநல வார்டு போஸ்டிங் முடித்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்ப நான் உன்கிட்டப் பேசலாம்" என்றார்.

அவர் முதலில் சொன்னது ஊசி போட்ட நாட்களைப் பற்றி. "உக்காந்தா எந்திரிக்கணும் போல இருக்கும். எந்திரிச்சா நடக்கணும் போல இருக்கும். நடந்தா ஓடணும் போல இருக்கும். காலுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி. அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துகிட்டே இருந்தேன். சிஸ்டர் வந்து, ரொம்ப ஆட்டம் போடுறான்னு டாக்டர்கிட்டச் சொன்னாங்க. மறுபடி ஊசி போட்டாங்க. அது இன்னும் கூடிப்போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது அகதீசியா! ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளின் பக்கவிளைவு. நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பதில். 'உள்ளுக்குள் அமைதியின்மை, ஓரிடத்தில் இருக்க இயலாமை' என்று ஒரே வரி. இதை நோயின் கொந்தளிப்பு என்று தப்பாக நினைத்து மருந்தைக் கூட்டிவிடும் அபாயம் உண்டு என்பதும் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் என் வார்டில் அப்படி நடந்துகொண்டே இருந்த ஒருவரைப் பற்றி நான் எழுதியது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். 'நோயாளி கிளர்ச்சியுடன் காணப்படுகிறார்.' அவ்வளவுதான். அவருக்கு இருந்தது எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவே இல்லையே!

அடுத்து அக்கா சொன்னதை ஒரு ஆண் டாக்டரிடம் அவர் சொல்லியிருக்கவே மாட்டார். மாதவிலக்கு நின்றுபோனது, மார்பில் பால் கசிந்தது. கர்ப்பம் என்று வீட்டில் சந்தேகப்பட்டு எவ்வளவு பெரிய சண்டை வந்தது என்று சொல்லும்போது அவர் குரல் மாறிவிட்டது. ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் புரோலாக்டின் ஹார்மோனைக் கூட்டுவதால் இப்படி நடக்கும். 'மாதவிலக்கு நிற்கலாம்' என்பது புத்தகத்தில் ஒரு வரி. அதனால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பது புத்தகத்தில் இல்லை. அந்த அக்கா மாத்திரையை யாருக்கும் சொல்லாமல் நிறுத்தியதும், நோய் திரும்பி வந்ததும் இதனால்தான். கேஸ் ஷீட்டில் அது 'மருந்தைச் சரியாக உட்கொள்ளாதவர்' என்று பதிவாகியிருக்கும்.

"ஒரு சிஸ்டர் தனியாக் கூட்டிட்டுப் போயி, வீட்டுக்குத் தூரம் ஒழுங்கா ஆகுதாம்மான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்" என்றார்.

எனக்கு இரண்டு செமஸ்டரில் கிடைக்காத பாடம் அந்த ஒரு வாக்கியம்.

இது புதுசா?

இல்லவே இல்லை. நாம் படிக்கும் மனநலச் சரித்திரத்திலேயே ஒரு நோயாளி இருக்கிறார். அமெரிக்காவின் கிளிஃபர்டு பியர்ஸ். மனநல மருத்துவமனைகளில் அடைபட்டுக் கிடந்த அனுபவத்தை 1908-இல் புத்தகமாக எழுதினார். அடுத்த வருஷமே அந்த நாட்டில் மனநலத்துக்கான தேசியக் குழு உருவாகக் காரணமாக இருந்தார். அவர் பெயரை நாம் மனப்பாடம் செய்து எழுதுகிறோம். பியர்ஸ் மாதிரி உயிரோடு இருக்கும் ஒருவர் நம் வகுப்புக்கு வந்தால் மட்டும் பிரச்சினை!

அதே போல, ஹில்டகார்ட் பெப்லாவ் 1952-இல் எழுதிய புத்தகத்தில் செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே உருவாகும் உறவைத்தான் செவிலியப் பணியின் மையத்தில் வைத்தார். அதையும் படிக்கிறோம். ஆனால் உறவு என்றால் இரண்டு பக்கம் இருக்க வேண்டுமே. ஒரு பக்கம் மட்டும் பேசும் வகுப்பில் அதை எப்படிக் கற்பது?

இங்கிலாந்தில் இது நல்லெண்ணத்தோடு நின்றுவிடவில்லை, விதியாகவே இருக்கிறது. அங்குள்ள செவிலியர் கவுன்சில் 2018-இல் வெளியிட்ட கல்வித் தரங்களின்படி, பாடத்திட்டத்தை வடிவமைப்பது, நடத்துவது, மதிப்பிடுவது எல்லாவற்றிலும் சேவை பெறுவோர் பங்கேற்க வேண்டும். மாணவர்களைத் தேர்வு செய்வதில்கூட அவர்களுக்குப் பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழகம், சிகிச்சை பெற்ற அனுபவத்தையே தகுதியாகக் கொண்ட கேத் ரோப்பர் என்பவரை 2000-களின் தொடக்கத்திலேயே கல்வியாளராக வைத்திருந்தது.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊரு" என்று சொல்வீர்கள். சரி, நம் ஊருக்கே வருவோம். எச்.ஐ.வி. வந்த காலத்தை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப்பாருங்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று ஆஸ்பத்திரியிலேயே பயந்த காலம். அந்தப் பயத்தைப் போஸ்டர் மட்டுமா போக்கியது? எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களே மேடை ஏறிப் பேசினார்கள். அவர்களுக்கான இந்திய அளவிலான கூட்டமைப்பு 1997-இல் சென்னையை மையமாக வைத்துத்தான் தொடங்கியது. நாமக்கல் பக்கத்துக் கௌசல்யா பெரியசாமி, தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளிப்படையாகச் சொல்லி, 1998-இல் பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கினார். எச்.ஐ.வி.யில் தமிழ்நாட்டால் முடிந்தது மனநோயில் ஏன் முடியாது?

ஏர்வாடியை மறக்க முடியாது

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு வழக்குகள், ஆய்வுகள், உத்தரவுகள் எல்லாம் வந்தன. நான் அதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றுவது ஒன்றுதான். அந்தச் சங்கிலி வலிக்கிறது, வேண்டாம் என்று அவர்கள் ஒரு நாளாவது சொல்லியிருப்பார்கள் அல்லவா? சொன்னதை 'நோயின் பேச்சு' என்று ஒதுக்கிவிடுவது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

இப்போது சட்டம் மாறிவிட்டது. 2018 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. கட்டாயமாக மொட்டை அடிக்கக்கூடாது, யூனிஃபார்ம் போடக் கட்டாயப்படுத்தக்கூடாது, மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் மின்அதிர்ச்சி சிகிச்சை கொடுக்கக்கூடாது என்கிறது. எனக்கு நோய் முற்றினால் எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக்கூடாது என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையும் கொடுத்திருக்கிறது. இதையெல்லாம்விட என்னைக் கவர்ந்தது இன்னொன்று. மத்திய, மாநில மனநல ஆணையங்களில் மனநோய் உள்ளவர்கள் அல்லது முன்பு இருந்தவர்கள் சார்பில் இரண்டு உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்கிறது இந்தச் சட்டம்.

யோசித்துப் பாருங்கள். மாநிலத்தின் மனநலக் கொள்கையைப் பேசும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இருக்கிறது. நாளைக்கு அவர்களுக்கு ஊசி போடப்போகும் எங்களுக்குப் பாடம் நடத்தும் வகுப்பறையில் நாற்காலி இல்லை. இது என்ன நியாயம்?

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராம் முதலியவர்கள் செய்து, 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரைக் கவனித்தார்கள். பெரும்பாலும் கடுமையான மனநோய் உள்ளவர்கள். கோயிலில் மருந்தும் இல்லை, பெரிய சடங்கும் இல்லை. சில வாரம் தங்கியதில் நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பயமுறுத்தாத, ஆதரவான சூழல் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். மருந்து வேண்டாம், கோயிலுக்குப் போங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்ன ஆய்வு அது, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. அதே ஏர்வாடிக்கும் தர்கா நம்பிக்கையில்தான் ஜனங்கள் வந்தார்கள் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். ஆனால் அந்த இடத்தில் இருந்த ஏதோ ஒன்று நம் வார்டில் இல்லாமல் இருக்கலாம். அது என்ன என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் இரண்டு இடத்திலும் இருந்து பார்த்தவரைத்தானே கேட்க வேண்டும்?

"நாங்கதான் தினமும் பாக்குறோமே"

இதை வகுப்பில் சொன்னபோது நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி இது. வார்டில் நாள் முழுக்க அவர்களோடுதானே இருக்கிறோம், வகுப்புக்கு வேறு ஏன் வர வேண்டும்?

நாம் பார்ப்பது அவர்களுடைய மிக மோசமான நாட்களை மட்டும். கொஞ்சம் தேறியதும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சந்தைக்குப் போவதை, பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை போடுவதை, பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பதை நாம் பார்ப்பதே இல்லை. பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் மட்டும் கல்யாண வீட்டுக்குப் போகிறவன், கல்யாணம் என்றாலே எச்சில் இலைதான் என்று நினைப்பான். நம் கதையும் அதுதான். போஸ்டிங் முடித்த பிறகு பயம் கூடியதாகச் சொன்ன தோழிகள் எனக்கு உண்டு.

ஆய்வுகளும் இதையேதான் காட்டுகின்றன. பேட்ரிக் காரிகன் குழுவினர் 2012-இல் 72 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பெரியவர்களிடம் மனநோய் பற்றிய இழிவெண்ணத்தைக் குறைப்பதில், தகவல் மட்டும் சொல்லும் வகுப்பைவிட, மனநோய் அனுபவம் உள்ளவரை நேரில் சந்திப்பது அதிகப் பலன் தந்தது. வீடியோவில் பார்ப்பதைவிட நேரில் சந்திப்பது மேல். சமமான இடத்தில் நின்று சந்திப்பது முக்கியம் என்று உளவியலாளர் ஆல்போர்ட் 1954-லேயே சொன்னார். வார்டில் நான் நிற்கிறேன், அவர் படுத்திருக்கிறார். என் கையில் சாவி, அவர் கையில் ஒன்றும் இல்லை. அதைச் சமம் என்று எப்படிச் சொல்வது?

மறுப்புகள்: நியாயமானவையும் உண்டு

ஒன்று. பழைய வேதனையைப் பேசப் பேச அவருக்கு மறுபடி நோய் வந்துவிட்டால்? நியாயமான பயம். அதனால்தான் அவசரப்பட்டு யாரையாவது கூட்டிவந்து மேடையில் நிறுத்தக்கூடாது. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று அவரே முடிவு செய்யவேண்டும். 'இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன்' என்று சொல்லும் உரிமை வேண்டும். இரண்டு பேராக வரலாம். வகுப்பு முடிந்த பிறகு யாராவது கூட உட்கார்ந்து பேச வேண்டும். மற்றபடி, அவரால் தாங்க முடியுமா என்பதை அவரைக் கேட்காமல் நாமே தீர்மானிப்பது மறுபடியும் பழைய வார்டு புத்திதான்.

இரண்டு. நன்றாகப் பேசத் தெரிந்த, நன்றாகத் தேறிய ஒருவர்தான் வருவார். அவரை வைத்து எல்லாரையும் எடைபோட்டுவிட மாட்டோமா? உண்மை. ஒருவரே வருஷா வருஷம் வந்து ஒரே கதையைச் சொன்னால் அது ஆண்டு விழா நிகழ்ச்சி ஆகிவிடும். வேறு வேறு நோய், வேறு வேறு ஊர், ஆண், பெண், திருநங்கை, படித்தவர், படிக்காதவர் என்று மாற வேண்டும். முழுசாகத் தேறாதவரும் வர வேண்டும். ஆஸ்பத்திரியால் நன்மை அடைந்தவர் மட்டுமல்ல, ஆஸ்பத்திரி மேல் கோபமாக இருப்பவரும் வர வேண்டும். கைதட்டல் வாங்குகிற கதை மட்டும் போதாது.

மூன்று. இதனால் செவிலியரின் வேலைத் தரம் நிஜமாகவே கூடும் என்பதற்கு ஆதாரம்? இதில் நான் மிகைப்படுத்தமாட்டேன். பெரும்பாலான ஆய்வுகள் வகுப்பு முடிந்த உடனே மாணவர் மனப்பான்மை மாறியதைத்தான் அளக்கின்றன. ஐந்து வருஷம் கழித்து நைட் டூட்டியில் அந்த மாணவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று தொடர்ந்து பார்த்தவை குறைவு. ஆனால் அதே அளவுகோலை இப்போதைய முறைக்கும் வையுங்கள். ப்ராசஸ் ரெக்கார்டிங் இருபது பக்கம் எழுதினால் நல்ல செவிலியர் ஆகிவிடுவார் என்பதற்கு மட்டும் என்ன ஆதாரம்?

நான்காவதுதான் மிகக் கஷ்டமானது. நம் ஊர். சென்னையில் ஒருவர் மேடையில் பேசிவிட்டு மின்சார ரயிலில் கூட்டத்தோடு கலந்துவிடலாம். எரியோடு மாதிரி ஊரில் சந்தையில் ஒருவர் காதுக்குப் போனால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். பிள்ளையின் கல்யாணப் பேச்சு வரை போகும். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வேறு மாவட்டக் கல்லூரிக்குப் போய்ப் பேசலாம். போட்டோ கூடாது, ஃப்ளெக்ஸ் கூடாது, வாட்ஸ்அப் கூடாது என்று கண்டிப்பான விதி வைக்கலாம். மாணவர்களும் நோயாளியின் ரகசியத்தைக் காப்பது என்றால் என்ன என்று நிஜமாகக் கற்றுக்கொள்வார்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான்

பெரிய புரட்சி எல்லாம் இல்லை. மனநலச் செவிலியப் பாடம் வரும் ஒவ்வொரு செமஸ்டரிலும் இரண்டு வகுப்புகள். வார்டு போஸ்டிங் போவதற்கு முன்பே ஒன்று, போய்வந்த பிறகு ஒன்று. பாடம் நடத்துபவருக்கு, வெளியிலிருந்து வரும் கௌரவ விரிவுரையாளருக்கு என்ன தொகையோ அதே தொகை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்புவதில் அர்த்தமில்லை. 'பக்கவிளைவுகள்' பாடத்தை டீச்சரும் அவரும் சேர்ந்து நடத்தலாம். டீச்சர் மருந்து எப்படி வேலை செய்கிறது என்று சொல்லட்டும், அவர் அது உடம்பில் எப்படி இருக்கும் என்று சொல்லட்டும். நாங்கள் பேசிப் பழகும்போது, எந்தக் கேள்வி எரிச்சல் ஊட்டியது, எது ஆறுதலாக இருந்தது என்று அவர் ஒரு கருத்து எழுதட்டும். மார்க்கில் ஒரு சின்னப் பங்காவது அதற்கு இருக்கட்டும்.

ஆட்களை எங்கே தேடுவது? மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் 1990-களிலேயே திருச்சியில் தொடங்கியது, இன்றைக்கு மாநிலம் முழுக்க இருக்கிறது. திண்டுக்கல்லுக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993-இல் தொடங்கிய பான்யன், மதுரையில் 1992-இல் தொடங்கிய செல்லமுத்து அறக்கட்டளை என்று அனுபவமுள்ள அமைப்புகள் இருக்கின்றன. மனமிருந்தால் ஆள் கிடைப்பார்கள்.

இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் சுமார் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை அந்தச் சமயத்தில் இருந்தது. இவ்வளவு பேரில் பலர் முதலில் பார்க்கப்போவது மருத்துவரை அல்ல, ஏதோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சிஸ்டரை. அந்த சிஸ்டர் நானாக இருக்கலாம், என் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்குகிறவராகவும் இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. இதையெல்லாம் அந்த அக்காவிடம் சொல்லி, "எங்க காலேஜ் மாதிரி ஒரு இடத்துல வந்து பேசுவீங்களாக்கா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "எம்புட்டுக் குடுப்பாங்க?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "சும்மா கேக்கல. ஒரு நா லீவு போட்டா சம்பளம் போகும்ல" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "திண்டுக்கல்லு வேணாம். எம்மகன் அங்கிட்டுத்தான் படிக்கிறான். மதுரைன்னா வாரேன். ஆனா ஒண்ணு, நான் பேசும்போது எவளும் நோட்டுல எழுதக்கூடாது" என்றார்.

மதுரையில் எந்தக் கல்லூரி அவரைக் கூப்பிடும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நிபந்தனைகள் தயாராக இருக்கின்றன.